வண்டி மோதிச் சுவர் இடிந்தால் காசு யார் தருவது? மூன்றாம் தரப்புக் காப்பீடு, எளிமையாக

போன மார்கழியில், விடிந்தும் விடியாத நேரத்தில், எங்கள் தெருவில் எம்-சாண்ட் இறக்க வந்த ஒரு டிப்பர் லாரி பின்னால் எடுக்கும்போது சித்தப்பா வீட்டு கேட் தூணைச் சாய்த்துவிட்டது. தூணோடு சேர்ந்து காம்பவுண்ட் சுவரிலும் ஏழெட்டு அடி படுத்துவிட்டது. பின்னால் நின்று "வா வா வா" என்று சொல்லிக்கொண்டிருந்த கிளீனர் பையன், சுவர் விழுந்த பிறகும் இரண்டு "வா" சொன்னான் என்று எதிர்வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

பத்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. "விடுங்கண்ணே, இன்சூரன்ஸ்ல வாங்கிக்கலாம்" என்றார் டிரைவர். "எஃப்ஐஆர் போட்டாத்தான் இன்சூரன்ஸ் வரும்" என்றார் பால் வாங்க வந்தவர். "உங்க காருக்குத்தான் பம்பர் டு பம்பர் போட்டிருக்கீங்களே, அதுலயே கிளெய்ம் பண்ணுங்க" என்று சித்தப்பாவிடமே ஒருவர் சொன்னார். எல்லார் வாயிலும் வந்தது இன்சூரன்ஸ் என்ற ஒரே சொல்தான். யாருடைய இன்சூரன்ஸ், அது யாருக்குத் தர வேண்டிய பணம் என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. எனக்கும் அன்றைக்குத் தெரியாது. அப்புறம் ஒரு வக்கீல், ஒரு ஏஜென்ட், ஒரு சர்வேயர் என்று நச்சரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது இந்தியச் சட்டப்படியான விளக்கம். வண்டி மோதி ஆளுக்கு அடிபட்டால் என்ன என்பது பெரிய தனிக்கதை, அதைத் தொடப்போவதில்லை. சுவர், கேட், கடை ஷட்டர், நிறுத்தி வைத்த கார் மாதிரி சொத்துக்கு ஆன சேதம் மட்டும்தான் இங்கே.

பந்து, ஜன்னல், பையனின் அப்பா

பக்கத்து வீட்டுப் பையன் அடித்த பந்து உங்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் போய்க் கேட்பீர்கள்? பையனின் அப்பாவிடம். அந்த அப்பா வெளியூரில் இருக்கும் தன் அண்ணனிடம், "என் பையன் எதையாவது உடைத்தால் நீ பார்த்துக்கொள்" என்று முன்பே பேசி வைத்து, அதற்காக வருடா வருடம் ஒரு தொகையும் கொடுத்து வருகிறார் என்றால்? அப்போதும் நீங்கள் கதவைத் தட்டுவது அப்பாவின் வீட்டைத்தான். அண்ணனுக்கு உங்களை யாரென்றே தெரியாது. அவர் வாக்குக் கொடுத்திருப்பது தம்பிக்கு.

டிரைவர்தான் அந்தப் பையன், லாரி ஓனர்தான் அப்பா, இன்சூரன்ஸ் கம்பெனிதான் வெளியூர் அண்ணன்.

வண்டியால் அடுத்தவருக்கு நஷ்டம் வந்தால் அதை ஈடுகட்ட வேண்டிய சட்டக் கடமை வண்டியின் சொந்தக்காரருக்கு இருக்கிறது. இந்தக் கடமையைத்தான் காப்பீட்டு மொழியில் 'பொறுப்பு' என்பார்கள். அந்தப் பொறுப்பைத் தோளில் வாங்கிக்கொள்வதாகக் கம்பெனி சொந்தக்காரருக்கு வாக்குத் தந்திருக்கிறது. அதனால் கோரிக்கை முதலில் சொந்தக்காரர் மேல் எழுகிறது, அவருக்குப் பின்னால் ஜாமீன்காரர் மாதிரிக் கம்பெனி நிற்கிறது. இந்த ஒன்று மனதில் உட்கார்ந்துவிட்டால் மிச்சக் குழப்பம் பாதிக்கு மேல் தானாகத் தீர்ந்துவிடும். "கம்பெனிக்கு நேரா போன் பண்ணினேன், எடுத்துப் பேசக்கூட மாட்டேங்கிறான்" என்று புலம்புகிறவர்கள் எல்லாரும், பையனின் அப்பாவை விட்டுவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டவர்கள்தான்.

மூன்றாவது ஆள் யார்?

காப்பீடு என்பது இரண்டு பேர் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம். பாலிசி எடுத்தவர் முதல் தரப்பு, கம்பெனி இரண்டாம் தரப்பு. ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாமல், வண்டியால் நஷ்டப்பட்டதால் மட்டும் உள்ளே வருகிறவர் 'மூன்றாம் தரப்பு'. சித்தப்பா இங்கே மூன்றாம் தரப்பு. பேச்சில் தேர்ட் பார்ட்டி.

வண்டிக் காப்பீட்டுக்குள் இரண்டு தனித்தனிப் பைகள் இருக்கின்றன. ஒன்று, வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் நஷ்டத்துக்கான தேர்ட் பார்ட்டி பை. இது இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டவே கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு. மீறினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்னொன்று, அந்த வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான பை. இதற்கு 'ஓன் டேமேஜ்' என்று பெயர். எடுப்பதும் எடுக்காததும் உங்கள் விருப்பம். இரண்டும் சேர்ந்தால் காம்ப்ரிஹென்சிவ் அல்லது பேக்கேஜ் பாலிசி.

பம்பர் டு பம்பர் என்று ஊரெல்லாம் சொல்வது ஓன் டேமேஜ் பைக்குள் இருக்கும் ஒரு கூடுதல் வசதி, அவ்வளவுதான். கார் உதிரிபாகங்களுக்கு வயதைக் காட்டிப் பணத்தைக் குறைக்க மாட்டார்கள் என்பது அதன் பொருள். அதற்கும் சுவருக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. அதோடு, சித்தப்பாவின் கார் பாலிசிக்கும் லாரி இடித்த சுவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, அவருடைய கார் அந்த நேரம் ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

இதுவரை பார்த்தது: நஷ்டத்துக்குப் பொறுப்பு வண்டிச் சொந்தக்காரர். அவருடைய பாலிசியின் தேர்ட் பார்ட்டி பையிலிருந்துதான் பணம் வர வேண்டும். வண்டியே இல்லாதவரானாலும், வாழ்நாளில் ஒரு பாலிசிகூட எடுக்காதவரானாலும், பாதிக்கப்பட்டவருக்கு இந்த உரிமை உண்டு.

ஆறாயிரமா, ஏழரை லட்சமா?

"தேர்ட் பார்ட்டியில் சொத்துக்கு ஆறாயிரத்துக்கு மேல் தர மாட்டான்" என்று ஒருவராவது அடித்துச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, பழைய கணக்கைச் சொல்கிறார். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டபோது, சொத்துச் சேதத்துக்குக் கட்டாயக் காப்பீட்டின் வரம்பு 6,000 ரூபாய் என்றுதான் இருந்தது. இன்றைக்கு அந்தப் பணத்தில் கேட் தூணுக்கு டைல்ஸ்கூட ஒட்ட முடியாது.

நடைமுறையில் கம்பெனிகள் தரும் பாலிசியில் வரம்பு இதைவிடப் பல மடங்கு. கார், லாரி, பஸ் மாதிரி வண்டிகளுக்குப் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரை, இருசக்கர வண்டிக்கு 1 லட்சம் ரூபாய் வரை. ஆனால் இங்கே ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. பாலிசி எடுக்கும்போது, "சொத்துச் சேத வரம்பை 6,000-க்குக் குறைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் பிரீமியத்தில் ஒரு சிறு தள்ளுபடி கிடைக்கும். காருக்கு அது நூறு ரூபாய். நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டு ஏழரை லட்சம் ரூபாய்ப் பாதுகாப்பைக் கைவிடுகிற ஏற்பாடு இது. வண்டி வைத்திருப்பவர்கள் இப்போதே தங்கள் பாலிசித் தாளை எடுத்து 'டிபிபிடி' என்ற வரிக்கு எதிரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 'தேர்ட் பார்ட்டி ப்ராப்பர்ட்டி டேமேஜ்' என்பதன் சுருக்கம் அது. ஆன்லைனில் யாரோ ஒருவர் டிக் அடித்து வைத்த கட்டம் உங்கள் தலையில் விடியக் கூடாது.

சேதம் வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும்? சொந்தக்காரரின் பொறுப்பு அங்கே நின்றுவிடாது, கம்பெனியின் வாக்குதான் அங்கே நிற்கிறது. மிச்சத்தை அவர் தன் கையிலிருந்து தர வேண்டும்.

அந்த இடத்திலேயே செய்ய வேண்டியவை

முதல் அரை மணி நேரம்தான் எல்லாம். கற்களை அப்புறப்படுத்தும் முன் போட்டோ, வீடியோ எடுத்துவிடுங்கள். வண்டி நின்ற நிலை, நம்பர் பிளேட், டயர் தடம், இடிந்த பகுதி, இடியாத பகுதி எல்லாம் தெரிய வேண்டும். ஒரே போட்டோவில் நம்பர் பிளேட்டும் இடிந்த சுவரும் சேர்ந்து வந்தால் அது தங்கம். எங்கள் வீட்டில் எடுத்த பதினேழு போட்டோவில் பதினாறு, சித்தப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பது மாதிரி இருந்தன. உருப்படியான அந்த ஒன்றை எடுத்தது பள்ளிக்கூடம் போகிற பையன்.

அடுத்தது விவரங்கள். டிரைவரின் லைசென்ஸ், ஆர்சி புத்தகம், பாலிசித் தாள் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "ஓனர்கிட்ட இருக்கு, சாயங்காலம் அனுப்பறேன்" என்று சொன்னால் பரவாயில்லை, வண்டி எண் இருந்தாலே எம்பரிவாகன் செயலியில் காப்பீடு எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்துவிடலாம். பாலிசி எந்தக் கம்பெனியில் இருக்கிறது என்ற விவரத்தை ஐதராபாத்தில் இருக்கும் காப்பீட்டுத் தகவல் மையத்தின் இணையதளத்திலும் வண்டி எண்ணை வைத்துத் தேடலாம்.

உரிமையாளர் யார் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "நான் வண்டியை வித்துட்டேன் சார், பேர்தான் மாத்தல" என்று ஒருவர் கையை விரிப்பார். அந்தக் கதை எடுபடாது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் சட்டம் உரிமையாளராகப் பார்க்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பிறகு போலீஸ். ஆளுக்கு அடிபடாத விபத்தென்றால் "உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கங்க" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். பேசுங்கள், ஆனால் புகாரை எழுத்தில் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். எஃப்ஐஆர் போடாவிட்டாலும், தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள், அதையாவது வாங்காமல் திரும்பாதீர்கள். எஃப்ஐஆர் இல்லாவிட்டால் பணமே வராது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் இன்ன தேதி, இன்ன நேரத்தில், இன்ன வண்டிதான் இடித்தது என்பதைப் பின்னால் நிரூபிக்க அதைவிட நல்ல தாள் கிடையாது. டிரைவருக்கும் கடமை இருக்கிறது. அடுத்தவர் சொத்து சேதமானால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தகவல் சொல்ல வேண்டும், காப்பீட்டுக் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு சொல்கிறது. எத்தனை டிரைவர்களுக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம்.

"இன்சூரன்ஸ்ல வாங்கித் தர்றேன்" என்ற வாக்கு

இந்த ஒரு வாக்கியத்தில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். சொல்கிறவர் பெரும்பாலும் ஏமாற்ற நினைத்துச் சொல்வதில்லை, அவரும் அதை நம்பித்தான் சொல்கிறார்.

அவருடைய பாலிசியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பாலிசிதாரர் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ, தரவோ கூடாது. ஆகவே லாரி ஓனர் உங்களுக்கு 50,000 ரூபாய் கொடுத்துவிட்டு, அந்த ரசீதை நீட்டிக் கம்பெனியிடம் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் கம்பெனி கையை விரித்துவிடலாம். இது தெரிந்த ஓனர்கள் பணம் தரத் தயங்குவார்கள். தெரியாத ஓனர்கள் "பில் குடுங்க, வாங்கித் தர்றேன்" என்று சொல்லி, மூன்று மாதம் கழித்துப் போனை எடுக்க மாட்டார்கள். நேர்மையான சொந்தக்காரர் செய்யக்கூடியது, உடனே கம்பெனிக்குத் தகவல் தருவது. தகவல் போயிருந்தால் கம்பெனி தன் 'சர்வேயரை' அனுப்பி, சமரசமாகவே முடித்துக்கொள்வதும் உண்டு. சேதத்தை நேரில் பார்த்து மதிப்புப் போட உரிமம் பெற்றவரைத்தான் சர்வேயர் என்கிறார்கள்.

சமரசம் இல்லையென்றால் தீர்ப்பாயம். முழுப்பெயர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். வண்டி விபத்தில் யாருக்கு எவ்வளவு இழப்பீடு என்று முடிவு செய்வதற்கென்றே அமைந்த நீதிமன்றம் இது. நம் கோர்ட் வளாகங்களில் 'எம்சிஓபி கேஸ்' என்று பேசிக்கொள்வது இங்கே நடக்கும் வழக்குகளைத்தான். இது ஆள் அடிபட்ட வழக்குகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சொத்துச் சேதத்துக்கும் இதுதான் இடம் என்று சட்டத்தின் 165, 166-ஆவது பிரிவுகள் சொல்கின்றன. வண்டிச் சொந்தக்காரரையும் காப்பீட்டுக் கம்பெனியையும் சேர்த்தே எதிர்மனுதாரர்களாகப் போடுவார்கள். வெளியூர் அண்ணனை நேராக இழுக்க முடிகிற இடம் இது.

மனுவை விபத்து நடந்த ஊரிலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலும் போடலாம், எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலும் போடலாம். நாமக்கல் லாரி திருநெல்வேலியில் சுவரை இடித்தால் நாமக்கல்லுக்கு அலைய வேண்டாம். ஆனால் கெடு இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போக வேண்டும். இந்த விதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. "வாங்கித் தர்றேன்" என்றவர் இழுத்தடிக்கும்போது ஓடுகிற கடிகாரம் இதுதான். ஐந்தாவது மாதம் வரை அவருக்குக் குட் மார்னிங் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள்.

தீர்ப்பாயத்தில் நிரூபிக்க வேண்டியவை மூன்று: சொத்து உங்களுடையது, இடித்தது அந்த வண்டி, ஓட்டியவரின் கவனக்குறைவால் இடித்தது. முதலாவதுக்குப் பத்திரமும் சொத்து வரி ரசீதும். வாடகைக் கடை என்றால், ஷட்டருக்கு மனு போட வேண்டியவர் கட்டடச் சொந்தக்காரர், உள்ளே நொறுங்கிய சரக்குக்கு மனு போட வேண்டியவர் கடைக்காரர். இரண்டும் வேறு வேறு. மூன்றாவதை நிரூபிப்பது சுவர் விஷயத்தில் சுலபம், சுவர் ஓடிவந்து லாரி மேல் மோதாது. ஆனால் உங்கள் சுவரே ரோட்டை இரண்டடி ஆக்கிரமித்து நிற்கிறதென்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பேச விஷயம் கிடைத்துவிடும்.

சின்னச் சேதத்துக்கு இத்தனை பாடு தேவையா? என் கணக்கில் தேவையில்லை. வக்கீல் ஃபீஸ், அலைச்சல், மாதக்கணக்கில் வாய்தா எல்லாம் சேர்த்துப் பார்த்தால், பதினைந்தாயிரம் இருபதாயிரம் ரூபாய்ச் சேதத்தை அந்த இடத்திலேயே கையில் காசாகப் பேசி முடிப்பதுதான் மேல். ஒன்றரை லட்சம் என்றால் கதை வேறு. மனுப் போட்ட பிறகும் லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பேசி முடிக்க வழி இருக்கிறது, விபத்து வழக்குகள் அங்கே நிறையத் தீர்கின்றன.

சித்தப்பாவும் பேசி முடிக்கவே ஒத்துக்கொண்டார். லாரி ஓனர் தன் செலவில் கொத்தனாரை அனுப்பி, சித்தப்பா கொடுத்த அளவில் தூணைக் கட்டித் தந்துவிட்டார்.

புதுச் சுவர் கட்டும் செலவும் பழைய சுவரின் மதிப்பும்

சண்டை அதிகம் வருவது இங்கேதான். கொத்தனார் 80,000 ரூபாய் கொட்டேஷன் கொடுக்கிறார், சர்வேயர் 52,000 என்று எழுதுகிறார். உடனே "கமிஷன் வாங்கிட்டான்" என்கிறோம்.

பத்து வருடம் ஓட்டிய சைக்கிளை ஒருவர் உடைத்துவிட்டார் என்றால், அவர் உங்களுக்குத் தர வேண்டியது பழைய சைக்கிளின் மதிப்பா, கடையில் நிற்கும் புது சைக்கிளா? பழையதன் மதிப்புத்தான் நியாயம். காப்பீட்டின் அடிப்படையும் அதுதான். விபத்துக்கு முந்தின நிமிடம் எந்த நிலையில் இருந்தீர்களோ அந்த நிலைக்குக் கொண்டுவருவார்கள், அதைவிட ஒருபடி மேலே ஏற்றிவிட மாட்டார்கள். ஒரு பொருள் வயதாக ஆக மதிப்பில் இழப்பது 'தேய்மானம்'. இருபது வருடச் சுவருக்கு அதைக் கழிப்பார்கள். இடிந்த சிமெண்ட் பூச்சுக்குப் பதில் கிரானைட் பதித்தால் அந்த வித்தியாசமும் உங்கள் கணக்கு.

ஒரு துண்டுத் தாளில் மொத்தத் தொகையை மட்டும் எழுதியிருக்கும் கொட்டேஷனுக்கு மதிப்புக் குறைவு. இத்தனை செங்கல், இத்தனை மூட்டை சிமெண்ட், இத்தனை ஆள்கூலி என்று பிரித்து, ஒரு இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் சர்வேயர் எதைக் குறைத்தார், ஏன் குறைத்தார் என்று வரிக்கு வரி பேசலாம். சர்வேயர் வந்து பார்க்கும் முன் சுவரைக் கட்டிவிடாதீர்கள். பாதுகாப்புக்குத் தகர ஷீட் அடித்துக்கொள்ளலாம், அதற்கும் பில் வாங்கி வையுங்கள்.

இதுவரை பார்த்தது: சமரசம் என்றால் சொந்தக்காரர் கம்பெனிக்குத் தகவல் தந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயம். கிடைப்பது பழைய சுவரின் மதிப்பு, கொத்தனார் சொல்லும் புதுச் சுவரின் விலை அல்ல.

உங்களிடமே ஒரு வழி இருக்கலாம்: வீட்டுக் காப்பீடு

வண்டிக்காரர் பின்னால் அலையாமல், உங்கள் வீட்டுப் பாலிசியில் பணம் வாங்கிக்கொள்ள முடியுமா? முடியும், அப்படி ஒரு பாலிசி இருந்தால். வீட்டுக் கடனோடு சேர்த்து ஒரு பாலிசியை வங்கி தலையில் கட்டியிருக்கும், அது என்னவென்றே தெரியாமல் பீரோவில் கிடக்கும், எடுத்துப் பாருங்கள். எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று, காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ அமைப்பு வகுத்துத் தந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி 2021 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. தீ, வெள்ளம், நிலநடுக்கத்தோடு, வண்டி மாதிரி வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து மோதுவதால் ஆகும் சேதமும் அதில் அடக்கம். கட்டடம் என்ற சொல்லுக்குள் காம்பவுண்ட் சுவரும் கேட்டும் வந்துவிடுகின்றன.

இந்த வழியில் நீங்கள் மூன்றாம் தரப்பு இல்லை, முதல் தரப்பு. கம்பெனி வாக்குக் கொடுத்திருப்பதே உங்களுக்குத்தான். கவனக்குறைவு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சேதத்தைக் காட்டினால் போதும். கம்பெனி இழுத்தடித்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். லாரியின் கம்பெனி இழுத்தடிக்கிறது என்று அவரிடம் போக முடியாது, அவர் பாலிசி எடுத்தவர்களின் குறையைத் தீர்ப்பவர்.

அப்படியானால் லாரிக்காரர் தப்பித்துவிட்டாரா? இல்லை. உங்களுக்குப் பணம் தந்த வீட்டுக் காப்பீட்டுக் கம்பெனி, உங்கள் இடத்தில் நின்று லாரிக்காரரிடம் அந்தப் பணத்தைக் கேட்கும். பணம் தந்தவருக்கு உங்கள் உரிமை கைமாறும் இந்த ஏற்பாட்டுக்கு 'சப்ரோகேஷன்' என்று பெயர். அதனால்தான் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் பணம் வாங்க முடியாது. இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. லாரிக்காரரிடம் ஐயாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, "இனி இது சம்பந்தமாக எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு வீட்டுப் பாலிசியில் கிளெய்ம் போடுவார்கள். கைமாற வேண்டிய உரிமையை அந்த ஒரு வரியில் நீங்களே கிழித்துப் போட்டுவிட்டீர்கள். கம்பெனி மறுத்தால் குற்றம் சொல்ல முடியாது.

நிறுத்தி வைத்த காரை இடித்துவிட்டால்

காரும் சொத்துத்தான், அதற்கும் இதே இரண்டு வழிகள். இடித்தவரின் தேர்ட் பார்ட்டி பை, அல்லது உங்கள் ஓன் டேமேஜ் பை. நம் ஊரில் கிட்டத்தட்ட எல்லாரும் இரண்டாவதில்தான் போகிறார்கள், ஒர்க்‌ஷாப்பில் விட்டால் வேலை முடிந்துவிடும். அதற்கும் ஒரு விலை இருக்கிறது. கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாவது வருடம் 50 சதவீதம் வரை தள்ளுபடி ஏறும். அதுதான் 'நோ கிளெய்ம் போனஸ்'. தவறு யாருடையது என்று பார்க்காமல், ஒரு கிளெய்ம் போட்டாலே அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். எட்டாயிரம் ரூபாய் டிங்கரிங் வேலைக்கு 50 சதவீதத் தள்ளுபடியை இழக்கலாமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், சில சமயம் இடித்தவரிடம் காசு வாங்குவது, ஏன், சொந்தக் காசைப் போடுவதே லாபமாக இருக்கும்.

பணம் வராத, அல்லது சுற்றி வருகிற இடங்கள்

இடித்துவிட்டு ஓடிவிட்டான், நம்பர் தெரியவில்லை. அடையாளம் தெரியாத வண்டி மோதி உயிர் போனால் 2 லட்சம் ரூபாய், படுகாயம் என்றால் 50,000 ரூபாய் என்று அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. சொத்துக்கு அதில் ஒரு பைசா கிடையாது. சிசிடிவியில் எண் கிடைக்காவிட்டால் வீட்டுக் காப்பீடு மட்டும்தான் கதி.

அரசுப் பேருந்து இடித்தால் கதை சுவாரசியம். அரசு வண்டிகளுக்கும், தனியாக ஒரு நிதி வைத்திருக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்குத் தர சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதாவது பின்னால் நிற்கும் அண்ணனே இல்லை. கழகத்தின் மேல்தான் நேராக மனு. இழப்பீடு கட்டாததால் பஸ்ஸை ஜப்தி செய்து கோர்ட் வாசலில் நிறுத்தினார்கள் என்று அவ்வப்போது செய்தி படிக்கிறோமே, அதன் பின்னணி இதுதான்.

பாலிசி காலாவதியான வண்டி என்றாலும் சொந்தக்காரரின் பொறுப்பு அப்படியே இருக்கிறது, அவரிடம் பணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பாலிசி இருந்து, டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால் கம்பெனி தகராறு செய்யும். அப்படிப்பட்ட வழக்குகளில் "முதலில் நீ கொடு, பிறகு சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்" என்று கம்பெனிக்கே நீதிமன்றங்கள் உத்தரவு போட்டதும் உண்டு.

கடைசியாக, சொந்த வண்டியால் சொந்தச் சுவரை இடிப்பது. நாலு மாதம் முன்பு சித்தப்பா மகன் காரை ரிவர்ஸ் எடுத்து, புதிதாகக் கட்டிய அதே தூணில் மோதிவிட்டான். கார் சித்தப்பா பெயரில் இருக்கிறது, வீடும் அவர் பெயரில் இருக்கிறது. "தேர்ட் பார்ட்டியில் 7.5 லட்சம் வரைக்கும் உண்டுன்னு நீதானே சொன்னே?" என்று எனக்குத்தான் முதல் போன் வந்தது. பாலிசிதாரருக்குச் சொந்தமான சொத்து அந்தப் பையில் வராது, தன் வண்டிக்குத் தானே மூன்றாம் தரப்பாக ஒருவர் இருக்க முடியாது என்று விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. பம்பருக்கு ஓன் டேமேஜில் பணம் வந்தது. தூணில் டைல்ஸ் பெயர்ந்த இடத்தில் இப்போதைக்கு ஒரு முருகன் காலண்டர் தொங்குகிறது.